முகாம் கலைந்த மறுநாள்

நகரத்து மருத்துவர்கள் தம் ஓய்வு நாளை ஈந்து சிற்றூர் மக்களுக்குக் கட்டணமின்றி மருத்துவம் பார்ப்பது தமிழகத்தில் வேரூன்றிவிட்ட வழக்கம். ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் வகுப்பறைகள் ஒரு நாளைக்கு மருத்துவமனை ஆகின்றன. முன் தாழ்வாரத்தில் பெயர்ப் பதிவு. அடுத்த அறையில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தல். கரும்பலகைக்கு அருகே பொது மருத்துவர். சத்துணவுக் கூடத்துத் திண்ணையில் மருந்து வழங்கல். பிற்பகல் இரண்டு மணிக்குள் எல்லாம் முடிந்து, பெஞ்சுகள் பழைய இடத்துக்குப் போய், வந்த வேன் புறப்பட்டுவிடுகிறது. அரிமா சங்கங்களும் ரோட்டரி சங்கங்களும் கோயில் அறக்கட்டளைகளும் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவரும் இவற்றை நடத்துகின்றனர். தேர்தல் நெருங்கும் ஆண்டுகளில் கட்சிகளும் சேர்ந்துகொள்கின்றன. அவ்வகை முகாம்களைப் பற்றி நாம் இங்கே பேசப்போவதில்லை. கைம்மாறு கருதாது வருவோரைப் பற்றியே பேச விரும்புகிறோம். அவர்களிடம்தான் ஒன்றைக் கேட்பதற்குப் பொருள் உண்டு.

முகாம் முடிந்ததும் ஒரு தொகை அறிவிக்கப்படுகிறது. இத்தனை நூறு பேர் பயன் பெற்றனர் என்று மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படத்துடன் செய்தி வருகிறது. காலையில் பதிவேட்டில் எழுதிய பெயர்களின் கூட்டலே அத்தொகை. பந்தி முடிந்தபின் விழுந்த இலைகளை எண்ணுவதை ஒத்த கணக்கு அது. பசிக்கு அக்கணக்குப் போதும், உண்டவர் உண்டவரே. நோய்க்குப் போதாது. மருந்து வாங்கிச் சென்றவர் அதை உண்டாரா, உண்டபின் என்ன ஆயிற்று, மருந்து தீர்ந்ததும் எங்கே போனார் என்பதை எந்தப் பதிவேடும் சொல்வதில்லை. அந்தப் பதிவேடே பெரும்பாலும் முகாம் கலைந்த மறுநாள் எங்கிருக்கிறது என்று தெரிவதில்லை.

காய்ச்சலும் சொறி சிரங்கும் வயிற்றுப்போக்கும் ஊரை வாட்டிய காலத்தில் ஒரு நாள் மருத்துவம் ஓரளவு பொருத்தமாகவே இருந்தது. ஐந்து நாள் மாத்திரையோடு தீரும் நோய்கள் அவை. இன்று பள்ளித் தாழ்வாரத்தில் வரிசையில் நிற்போரின் நோய் வேறு. தமிழக அரசு 2020இல் நடத்திய தொற்றா நோய்க் கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம். நூற்றுக்குப் பதினேழு பதினெட்டுப் பேருக்கு நீரிழிவு. அழுத்த நோய் உடையோரில் அது கட்டுக்குள் இருந்தது நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேருக்கு மட்டுமே. நீரிழிவு கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர். மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் பிற மாநிலங்களைவிடப் பரவலாக உள்ள தமிழகத்தின் கணக்கு இது. நோயை அறிவதற்கும் அதை அடக்குவதற்கும் இடையில் உள்ள தொலைவை இந்த எண்கள் காட்டுகின்றன. அந்தத் தொலைவைக் கடக்க உதவாத முகாம் எத்தனை பேரைப் பார்த்தாலும், ஏற்கெனவே தெரிந்த ஒன்றை மறுபடியும் சொல்லிவிட்டுப் போகிறது, அவ்வளவே.

மருந்து வழங்கும் திண்ணையருகே சற்று நேரம் நின்று பார்த்தால் இது விளங்கும். மாணவர் ஒருவர் மூதாட்டியிடம் கேட்கிறார்: "பாட்டி, பிரஷர் மாத்திரை தினமும் போடுறீங்களா?" விடை வருகிறது: "தலை சுத்துற அன்னிக்குப் போட்டுக்குவேன் தம்பி." மாணவர் சிரித்தபடியே பத்து நாளைக்கான அட்டையை அவர் கையில் தருகிறார். அந்த அட்டை எங்கிருந்து வந்தது? மருந்து நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகள் மருத்துவர்களுக்குத் தரும் மாதிரிகளே முகாம்களுக்குப் பெட்டி பெட்டியாக வருகின்றன. விற்பனைக்கு அன்று என்று அச்சிட்ட அவ்வட்டைகளில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்தப் பெயரில் மருந்து அவ்வூர்ப் பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்காது. மூதாட்டியின் வீட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் தந்த அம்லோடிபின் என்னும் அழுத்த மாத்திரை முன்பே இருக்கிறது. முகாமில் தந்ததும் அதே அம்லோடிபின்தான். ஆனால் நிறம் வேறு, அட்டை வேறு, பெயர் வேறு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் மாத்திரையை நிறத்தாலும் வடிவத்தாலுமே அறிகிறார். ஆகவே இரண்டையும் விழுங்குவார். அல்லது பெரிய ஊர் மருத்துவர் தந்தது உயர்ந்தது என்று நம்பி, மாதந்தோறும் கிடைத்துக்கொண்டிருந்ததைப் பானைக்குள் போட்டுவிடுவார். பத்து நாளில் புதியது தீர்ந்துபோகும். நன்மை செய்ய வந்த கை, நடந்துகொண்டிருந்த மருத்துவத்தை அறுத்துவிட்டுச் சென்றிருக்கும். வந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. அவர்கள் மறுமுறை வரப்போவதில்லை.

இரத்த அழுத்தம் பார்க்கும் மேசையிலும் இத்தகைய குறை உண்டு. தாழ்வாரத்தில், ஊரார் அனைவரும் பார்த்திருக்க, இளைஞர் ஒருவர் எதிரில் அமர்ந்து நடுவயதுப் பெண் தம் ரவிக்கையின் இறுகிய கையை மேலே தள்ளமாட்டார். கருவியின் பட்டையைத் துணிக்கு மேலேயே சுற்றுகிறார்கள். நடந்து வந்த மூச்சிரைப்பு அடங்கும் முன் அளவு எடுத்துவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் அமரவைத்துப் பின் பார்க்க வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் உண்டு. பின்னால் நிற்கும் வரிசைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அந்த ஓர் அளவை நம்பி, நோயில்லாதவர் கையிலும் மருந்து போகலாம். நோய் உள்ளவர் வெறுங்கையோடும் திரும்பலாம். ஒரு திரைச்சீலையும் ஒரு பெண் செவிலியரும் இருந்தால் தீரக்கூடிய குறை இது. பதாகைக்குச் செலவிடும் தொகையில் திரைச்சீலை வாங்கலாம்.

முன்னோர் இதைச் சரியாகச் செய்த சான்று நம் மண்ணிலேயே இருக்கிறது. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்து, அமெரிக்காவில் மருத்துவம் பயின்று, 1900இல் வேலூருக்குத் திரும்பிய ஐடா ஸ்கடர், 1902இல் அங்கே மகளிர்க்கும் குழந்தைகளுக்கும் மருத்துவமனை திறந்தார். மருத்துவமனைக்கு வர இயலாதோர் பலர் என்பதைச் சில ஆண்டுகளிலேயே கண்டுகொண்டார். குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் வண்டியில் புறப்பட்டு, வழியில் குறித்த இடங்களில், மரத்தடியில் நின்று நோயாளிகளைப் பார்த்தார். மாட்டு வண்டியில் தொடங்கிய பயணம் பின்னர் மோட்டார் வண்டிக்கு மாறியது. வழியும் கிழமையும் மாறவில்லை. அதனால்தான் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டவர் அடுத்த வாரம் அதே மரத்தடியில் வந்து நின்றார். ஆறியதா சீழ் வைத்ததா என்று பார்க்க முடிந்தது. மருந்து வகைகள் அந்நாளில் மிகக் குறைவு. ஆனால் இன்று எந்த முகாமிலும் இல்லாத ஒன்று அந்த மரத்தடியில் இருந்தது: மருத்துவர் வருவார் என்ற உறுதி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஊரக மருத்துவப் பணி அந்தச் சாலையிலிருந்தே வளர்ந்தது.

கண் மருத்துவ முகாம்களின் வரலாறு இன்னும் கூர்மையான பாடத்தைத் தருகிறது. அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இலவச முகாம்களை ஒரு கலையாகவே வளர்த்தது. ஊரில் பரிசோதனை, தேர்ந்தவர்களைப் பேருந்தில் மதுரைக்கு அழைத்துச் செல்லுதல், அறுவை, உணவு, திரும்பக் கொண்டுவந்து விடுதல் என ஒவ்வொன்றும் ஒழுங்குபட நடந்தது. உலகமே வியந்த ஏற்பாடு. அப்படியிருந்தும் தமிழகச் சிற்றூர்களில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு ஒன்று, கண்ணில் குறை உடையோருள் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 7 பேருக்கும் குறைவு என்று கண்டது. எஞ்சியோர் ஏன் வரவில்லை? அச்சம் ஒரு காரணம். வீட்டுப் பொறுப்பை விட்டு வர முடியாமை மற்றொன்று. வயதாகிவிட்டது, இருக்கிற பார்வையோடு காலம் தள்ளிவிடலாம் என்ற மனநிலை இன்னொன்று. இலவசம் என்று நாம் எழுதும் ஒன்று, நோயாளியின் கணக்கில் இலவசமே அன்று. துணைக்கு வரும் மகனின் ஒரு நாள் கூலி, பேருந்துக் கட்டணம், ஆட்டை அவிழ்க்க ஆளில்லாத குறை எல்லாம் சேர்ந்த விலை அதற்கு உண்டு.

அந்த ஆய்வு சொன்னதை மருத்துவமனை தன் புகழுக்கு இழுக்கென்று கருதவில்லை. சிற்றூர்களை ஒட்டிய சிறு நகரங்களில் நிலையான பார்வை மையங்களைத் திறந்தது. அப்பகுதியில் பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைச் சோதிக்க, தொலைவிலுள்ள மருத்துவர் திரை வழியே பார்த்து முடிவு சொல்லும் மையங்கள் அவை. சில மணி நேரம் மட்டும் ஊரில் நிற்கும் முகாமுக்கு மாற்றாக, என்றும் திறந்திருக்கும் ஓர் அறை. முகாமில் தலைசிறந்தவர்களே முகாமின் எல்லையைக் கண்டு அதைத் தாண்டிச் சென்றார்கள் என்பதை மற்றவர்கள் நினைவில் கொள்ளுதல் நலம்.

முகாமுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 2008இல் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த இலவச கண் முகாமில் தேர்ந்தெடுக்கப்பட்டு அறுவை செய்துகொண்டவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் தொற்றினால் பார்வை இழந்தனர். கூலித் தொழிலாளிகளும் முதியோருமாகிய அவர்கள், மங்கிய பார்வையோடு போய் இருளோடு திரும்பினார்கள். வழக்கு நெடுங்காலம் நடந்தது. இலவசமாகச் செய்ததில் தவறு நேர்ந்துவிட்டது, பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்ல முடியாது. கட்டணம் வாங்காமை மருத்துவரின் கடமையில் ஓர் அணுவையும் குறைப்பதில்லை. இதைச் சொல்லும்போது சில தொண்டர்கள் முகம் சுளிப்பதை நாம் அறிவோம். வந்து உதவுவோரிடம் ஏன் இத்தனை கேள்வி என்பார்கள். ஏழைக்கு மறுத்துக் கேட்கும் வாய் இல்லை. அதனாலேயே அவர் சார்பில் ஏடுகள் கேட்க வேண்டியிருக்கிறது.

தருமபுரி மாவட்டத்தில் கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு இடையே அமைந்த சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு வேறொரு வழியைக் காட்டுகிறது. டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் துணைவியார் டாக்டர் லலிதாவும் 1993இல் அங்கே ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினர். பள்ளத்தாக்கில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். அந்நாளில் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன் இறந்தன. இணையர் இருவரும் முதலில் செய்தது ஊர்ப் பெண்களைப் பயிற்றுவித்தது. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத பழங்குடி இளம்பெண்கள் பேறு பார்க்கவும், ஊசி போடவும், அறுவை அரங்கில் துணை நிற்கவும் கற்றனர். வயதில் மூத்த பெண்கள் தத்தம் ஊரில் கருவுற்றோரையும் கைக்குழந்தைகளையும் கவனிக்கும் பொறுப்பை ஏற்றனர். குழந்தை இறப்பு பல மடங்கு குறைந்தது. பிறகு, நோயின் வேர் வயிற்றிலும் வருவாயிலும் இருக்கிறது என்று கண்டு, இயற்கை வேளாண்மைக்கும், லம்பாடிப் பெண்களின் பூத்தையலுக்கும் அமைப்புகளை அவர்கள் உருவாக்கினர். அந்த மருத்துவமனை முற்றிலும் இலவசமன்று. மிகக் குறைந்த கட்டணம் வாங்குகிறது. நாம் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு சிறு தொகை கொடுப்பவர், தந்தது பிடிக்காவிட்டால் அதைச் சொல்லும் உரிமையும் தமக்கு உண்டென்று உணர்கிறார்.

எல்லா மருத்துவரும் வாழ்நாளைப் பள்ளத்தாக்கில் கழிக்க முடியாது. அதை நாம் எதிர்பார்க்கவும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தரக்கூடியவரிடம் கேட்கக்கூடியது, அந்த ஞாயிறு மாறாதிருக்க வேண்டும் என்பதே. ஆண்டுக்குப் பன்னிரண்டு ஊர்களில் பன்னிரண்டு முகாம் நடத்துவதைக் காட்டிலும், ஓர் ஊருக்குப் பன்னிரண்டு முறை போவது பெரிது. பன்னிரண்டு முறை போகும் மருத்துவருக்கு ஊரின் கிணறு தெரியும், சாராயம் தெரியும், எந்த வீட்டில் மகன் சென்னைக்குப் போய்விட்டான், யார் தனித்து இருக்கிறார் என்பது தெரியும். நோயாளிக்கும் மருத்துவரின் முகம் தெரியும். மாத்திரையைத் தலை சுற்றும் நாளில் மட்டும் போடக்கூடாது என்பதை முதல் முறை சொன்னால் யாரும் கேட்பதில்லை. நான்காம் முறை சொல்லும்போது கேட்கிறார்கள்.

தொண்டர் குழுக்கள் ஊருக்குப் புறப்படும் முன் அப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரைச் சந்தித்துப் பேசுவது அரிதாக இருக்கிறது. அரசு நிலையத்தோடு நமக்கென்ன என்ற எண்ணம் ஒரு பக்கம். வெளியார் வந்து நம் குறையைக் காட்டுகிறார்கள் என்ற எரிச்சல் மறு பக்கம். இடையில் நோயாளி இரண்டு சீட்டுகளோடு நிற்கிறார். 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தரப் பரிசோதனை செய்து மொத்தமாக வாங்கும் மருந்துகள் அரசு நிலையங்களுக்குக் கட்டணமின்றி வருகின்றன. பல மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு அது. ஆகவே தொண்டு மருத்துவர் எழுதும் மருந்து அந்தக் கழகத்தின் பட்டியலில் உள்ளதாக இருந்தால், அவர் வராத நாளிலும் அது நோயாளிக்குக் கிடைக்கும். மாதிரி மருந்துப் பெட்டிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். முகாமில் புதிதாக நோய் கண்டறியப்பட்டோரின் பட்டியலைக் கிராம சுகாதார செவிலியரிடம் ஒப்படைக்காமல் வேன் ஏறக்கூடாது என்பதை ஒவ்வொரு குழுவும் விதியாகக் கொள்ளட்டும். நிதி தரும் வணிகர்களும் நிறுவனங்களும், அடுத்த முகாமுக்குப் பணம் கேட்டு வருவோரிடம், சென்ற முகாமில் அழுத்தம் மிகுந்திருந்தவர்கள் இப்போது யாரிடம் மருந்து வாங்குகிறார்கள் என்று கேட்டுவிட்டுக் காசோலையில் கையெழுத்திடுவது தகும்.

அரசுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நாட்டின் நெறி. நிலையம் இருக்கிறது, ஆனால் புறநோயாளிகளைப் பார்க்கும் பொழுதும் களையெடுப்புக்குப் போகும் பொழுதும் ஒன்றாக இருக்கின்றன. கூலியை இழந்து மாத்திரை வாங்க வேண்டும். அல்லது மாத்திரையை இழந்து கூலி வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முகாமில் திரளும் கூட்டத்தில் பாதி இந்த இடுக்கில் பிறந்தது. மாலைப் பொழுதில், வாரத்தில் ஓரிரு நாளேனும், அதே நிலையத்தில் தொண்டு மருத்துவர்கள் அமர்ந்து பார்க்க அரசு இடம் தரலாம். கட்டடமும் மருந்தும் பதிவேடும் அங்கேயே இருக்கின்றன. தொடர்ந்து வரும் குழுக்களுக்கு மட்டும், பொறுப்பை எழுத்தில் பெற்றுக்கொண்டு இதை அனுமதிக்கலாம். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தை ஒரு நாள் மருத்துவமனையாக்கும் வேலை அதன்பின் தேவைப்படாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், மேலே சொன்ன இடுக்கை அறிந்து வகுக்கப்பட்டது. அழுத்தமும் நீரிழிவும் உள்ளோர்க்கு மாத்திரை வீடு தேடி வருகிறது. திசை சரியானது; அதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அம்மாத்திரையைச் சுமந்து வெயிலில் வீடு வீடாக நடப்பவர் யார்? மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பெண்கள். அவர்களுக்கு அரசு சூட்டிய பெயர் தன்னார்வலர், தருவது ஊக்கத்தொகை. ஞாயிற்றுக்கிழமை தொண்டு செய்யும் மருத்துவருக்குத் திங்கட்கிழமை ஊதியம் காத்திருக்கிறது. அவரது தொண்டு வயிறு நிறைந்தபின் வருவது. இந்தப் பெண்களுக்கு இதுவே வாழ்வாதாரம். இரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை அளந்து, மாத்திரை தீர்ந்த வீட்டைக் கணக்கில் வைத்து, வராதவரைத் தேடிப்போகும் அவர்கள்தாம், நாம் முகாம்களில் காணோம் என்று குறைகூறிய அத்தொடர்ச்சியை உண்மையில் நடத்துகின்றனர். ஏழைப் பெண்ணின் உழைப்புக்குத் தொண்டு என்று பெயரிட்டு அரசு செலவைக் குறைத்துக்கொள்வது முறையன்று. அவர்களை மக்கள் நல்வாழ்வுத் துறையின் பணியாளராக ஏற்று, மாத ஊதியமும் மகப்பேற்று விடுப்பும் வருங்கால வைப்பு நிதியும் வழங்குவதற்கான ஒதுக்கீட்டை அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே அரசு செய்ய வேண்டும்.